நமசிவாயம் முடுக்கிய கிராபிக்ஸ் காட்

திங்கட்கிழமை காலை பராசக்தியின் கொம்பியூட்டர் நின்றுபோனது. ஓடத் தொடங்கிப் பத்தொன்பதாவது நிமிடம். திரை கறுத்தது. உள்ளே விசிறிகள் கொஞ்ச நேரம் ஊளையிட்டன. பிறகு அவையும் அடங்கின. மேல்மாடி அறையில் ஒரு சத்தமும் இல்லை, நமசிவாயம் மூச்சு வாங்குகிற சத்தத்தைத் தவிர.

நமசிவாயம் பராசக்தியின் புருசன். நிற்பாட்டியது அவர்தான். வேண்டுமென்று செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று கை வைத்தார். அவ்வளவுதான்.

பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருசம் மெக்கானிக்குகளுக்கு ஃபோமனாக இருந்த மனிதர். பழுதானதைத் திருத்துவதில் வலு கெட்டிக்காரர். பழுதாகாததைத் திருத்துவதுதான் அவருடைய வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொந்த மோட்டார் சைக்கிளுக்கு இழுவை கூட்டுகிறேன் என்று ஒருநாள் கழற்றினார். அது இப்போது விறகுக் கொட்டிலில் இரண்டு உரப்பைக்குள் இருக்கிறது. இரண்டு வருசம்.

மோட்டார் சைக்கிள் பைக்குள் போனதிலிருந்து வெளியே போவதென்றால் பராசக்தியின் ஸ்கூட்டிதான். ஓட்டுவது அவள். பின்னுக்கு இருப்பது இவர், மடியில் மரக்கறிப் பையோடு. மருதனார்மடச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பழைய டிப்போக்காரர் நாலைந்து பேர் எந்த நேரமும் குந்தியிருப்பார்கள். முதல் நாளே ஒருவன் கேட்டான்.

"என்ன ஃபோமன், கொண்டக்டர் வேலை கிடைச்சிட்டுதோ?"

அன்றைக்கு மரக்கறிப் பையில் இருந்த முருங்கைக்காய் வேறு நீட்டிக்கொண்டு நின்றது. நமசிவாயத்துக்கு அது ஆறவேயில்லை. கார் வாங்க வேண்டும். காரில், முன்னுக்கு, ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்தியால் ஒருதரம் போக வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். சீவியத்தில் வேறு ஒன்றும் வேண்டாம்.

கார் இருந்தது. தெல்லிப்பழையில் நாகலிங்கம் என்று பழைய சிநேகிதர். அறுபதாம் ஆண்டுக் கார், பச்சை நிறம், மாமரத்துக்குக் கீழே நின்றது. மாரிக்குப் பிறகு அது ஓடவில்லை. ஓடாத காரை வைத்து என்ன செய்வது, விற்றுவிடலாம் என்று நாகலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தார். நமசிவாயம் அதைக் கேட்ட நாளிலிருந்து நித்திரை கொள்ளவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கூட ஸ்ரேறிங் மாதிரிப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பராசக்தி வேண்டாம் என்றாள். காரைக் கொண்டுவந்தால் கழற்றுவார். உரப்பை காணாது, லொறிப் படங்கு வேண்டிவரும் என்றாள்.

இனிக் கொம்பியூட்டருக்கு வருவம்.

பராசக்தி சித்திர ரீச்சர். முன்கூட்டியே பென்சன் எடுத்துவிட்டு, காலையில் நல்லூரில் ஒரு ரியூசனில் படிப்பிக்கிறாள். மற்ற நேரம் வீடு கட்டுகிறாள். கல்லாலும் மண்ணாலும் இல்லை, கொம்பியூட்டரில். வெளிநாட்டில் இருக்கிற எங்கடை ஆட்களுக்கு ஊரில் வீடு கட்ட ஆசை. ஆனால் அத்திவாரம் வெட்டமுன்னம் வீட்டைப் பார்க்க வேண்டும். கேற்றால் உள்ளே போய், விறாந்தை ஏறி, சாமியறை பார்த்து, குசினிக்குள்ளால் கிணற்றடிக்கு வரவேண்டும். எல்லாம் படமாக. அதைத்தான் பராசக்தி செய்து அனுப்புகிறாள். ஆறு நிமிடப் படம். அதைச் செய்து முடிக்க அந்தக் கொம்பியூட்டர் இரவு பகலாக மூன்றரை நாள் மாரடிக்கும்.

அதிலே முக்கால்வாசி வேலை கிராபிக்ஸ் காட் என்கிற சாமானுக்கு. அது கொதிக்கும். மேல்மாடி அறை மேற்குப் பார்த்தது, வைகாசி வெயில், கொங்கிறீற் கூரை. விசிறி மட்டும் வைத்து ஓட்டிய காலத்தில் அரவை ஆலைக்குள் இருக்கிற மாதிரிச் சத்தம். அதனால் நல்லூரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற ஜெரிசன், குருநகர்ப் பொடியன், தண்ணீரால் குளிர்விக்கிற ஏற்பாடு ஒன்றைச் செய்து கொடுத்தான். சின்னப் பம் ஒன்று. கண்ணாடிக் குழாய். நீலத் தண்ணீர் நிற்கிற சின்னத் தாங்கி. சூட்டை வெளியே தள்ள ஒரு றேடியேற்றர்.

றேடியேற்றர் என்ற சொல்லை ஜெரிசன் சொல்லியிருக்கக் கூடாது.

நமசிவாயத்துக்கு அதுவரை கொம்பியூட்டர் என்றால் பராசக்தியின் பொருள். றேடியேற்றர் என்றதும் அது அவருடைய பொருளாகிவிட்டது. தன் காலத்தில் நானூறு றேடியேற்றர் பார்த்தவர் அவர். இதுவும் ஒரு பஸ்தான், சில்லு இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார். போனில் வீடியோக்களும் பார்த்தார். கிராபிக்ஸ் காட்டைக் கம்பனி விட்ட வேகத்துக்கு மேலே முடுக்கலாமாம். தண்ணீர் ஓடுகிற பெட்டியென்றால் பயமில்லையாம். அன்று பின்னேரமே மேல்மாடிக்கு ஏறினார்.

"இஞ்சை பாரப்பா. உன்ரை கொம்பியூட்டரைக் கொஞ்சம் முடுக்கித் தரட்டோ?"

பராசக்தி திரும்பவில்லை. "மோட்டச்சைக்கிளை முடுக்கின மாதிரியோ?"

"அது வேறை."

"எது வேறை? அதுக்குள்ளை மிஞ்சின ஏழு நட்டு இன்னும் சீனிப் போத்திலுக்குள்ளை கிடக்கு."

"உன்ரை படம் மூண்டரை நாள் எடுக்குது. நான் மூண்டிலை முடிச்சுக் காட்டுறன். காட்டினால் என்ன தருவாய்?"

"என்ன வேணும்?"

"கார்."

அப்போதுதான் பராசக்தி திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வேண்டாம் என்றால் களவாகச் செய்வார். ஓம் என்றால் கண்ணுக்கு முன்னால் செய்வார். முப்பத்தொரு வருசக் கலியாணத்தில் அந்த வித்தியாசம் அவளுக்கு விளங்கும்.

"சுபாஸ்கரன்ரை வீட்டுப் படம் ஞாயிறு துவங்கிறன்," என்றாள். "அவங்கள் சகோதரங்கள் எல்லாரும் சனிக்கிழமை சுவிசிலை கூடி நிண்டு பாக்கப்போறாங்கள். அதுக்குள்ளை முடியவேணும். இடையிலை ஒருக்காலும் நிக்கப்படாது. நிக்காமல் முடிஞ்சால் கார். நிண்டால் ஸ்கூட்டியிலை பின்னுக்குத்தான். சாகும் வரைக்கும்."

"ஓம்."

"ஜெரிசன் சொல்லுற மாதிரித்தான் செய்யவேணும்."

"ஓம், ஓம்."

ஜெரிசனுக்குப் போன் எடுத்து, அவன் சொல்லச் சொல்ல அவளே ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். வேக இலக்கத்தை ஒரு தடவைக்குப் பதினைந்துக்கு மேலே ஏற்றக்கூடாது. ஏற்றினால் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் புள்ளி புள்ளியாக மின்னினால் இறக்கிவிட வேண்டும். வோல்ற்றேச்சைத் தொடவே கூடாது. சூடு எழுபதைத் தாண்டினால் கையை எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அவன் தந்த போத்தலில் உள்ளதை மட்டும் விட வேண்டும். போத்தல் அலுமாரிக்குள், அலுமாரித் திறப்பு பராசக்தியின் கைப்பைக்குள்.

நமசிவாயம் தாளை வாசித்தார். பதினைந்து பதினைந்தாக ஏற்றுவதற்கு இது என்ன கைக்குழந்தைக்குப் பருக்குகிற மருந்தோ என்று கேட்டார். ஞாயிறு காலை அவள் படத்தை ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கியதும் ஒரே தரத்தில் நூற்றைம்பது ஏற்றினார்.

அது ஓடியது. அதுதான் பிழை. அன்றைக்கே நின்றிருந்தால் மனிதர் திருந்தியிருப்பார். ஞாயிறு முழுக்கச் சூடு அறுபதைத் தாண்டவில்லை, புள்ளி மின்னவில்லை, வேகம் கூடியது கண்ணுக்கே தெரிந்தது. நமசிவாயம் மாடிப்படியில் இறங்கும்போது கையால் கியர் மாற்றிக்கொண்டு இறங்கினார்.

திங்கள் காலை எட்டு மணிக்குப் பராசக்தி ரியூசனுக்குப் போனாள். படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நமசிவாயம் கதிரையில் இருந்தார். எழும்பினார். இருந்தார். நன்றாக ஓடுகிற ஒரு இயந்திரத்துக்கு முன்னால் சும்மா இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். குழாய் பொருத்துகிற இடமெல்லாம் தொட்டுப் பார்த்தார். கையால் இறுக்கியது மாதிரி இருந்தது. கையால் இறுக்கியதுதான். அதற்குள்ளே இருக்கிற இறப்பர் வளையத்துக்குக் கையிறுக்கம்தான் கணக்கு. ஆனால் டிப்போவில் கையால் இறுக்கியவனுக்குச் சம்பளம் வெட்டு. கீழே போய் ஸ்பனரோடு வந்தார். ஒரு இறுக்கு.

ரிக் என்று வளையம் வெடித்தது. அடுத்தது சொட்டு.

படத்தை நிற்பாட்டிவிட்டுத் துவாயை எடுத்து ஒற்றினார். பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை ரேப்பைச் சுற்றினார். சொட்டு நின்றது. ஆனால் தாங்கியில் தண்ணீர் மூன்று விரல் இறங்கிவிட்டது. அலுமாரி பூட்டு. திறப்பு நல்லூரில்.

நமசிவாயம் யன்னலால் கிணற்றைப் பார்த்தார்.

இதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டும். இந்தக் குடாநாட்டில் ஒருவனுக்கு எத்தனை பரப்புக் காணி என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கிணறு நன்னீரோ உவரோ என்றும் கேட்பார்கள். நமசிவாயத்தின் கிணறு நன்னீர். உடுவிலில் அந்த ஒழுங்கை முழுக்கக் குடிதண்ணீர் அள்ள அங்கேதான் வரும். அவருடைய தகப்பனின் தகப்பன் தோண்டியது. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்குப் பராசக்தியின் தகப்பன் மாப்பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு குடித்தார். சம்பந்தம் முடிந்தது.

அந்தத் தண்ணீர் ஒரு கொம்பியூட்டருக்குக் காணாதா?

புதுத்தண்ணீராக ஒரு வாளி அள்ளினார். அசட்டையாகச் செய்யவில்லை. நாலுமடிப்பு வேட்டித் துணியால் வடித்தார். செம்பில் ஏந்திக்கொண்டு, கோயில் தீர்த்தம் மாதிரி மேலே கொண்டுபோனார். தாங்கியில் விட்டார். நீலம் கொஞ்சம் வெளுத்தது. வெளுத்து, ஓரத்தில் கஞ்சி மாதிரிக் கலங்கியது. கலக்கம் அடங்கிவிடும் என்றார், தனக்குத்தானே. படத்தை மறுபடி ஓடவிட்டார்.

பத்தொன்பதாவது நிமிடம் சூடு தொண்ணூற்றொன்று. அதன் பிறகு நடந்தது முதலே சொல்லியாகிவிட்டது.

மத்தியானம் பராசக்தி வந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நிண்டதே?"

"என்ன?"

"கொம்பியூட்டர்."

"ஏன் நிக்குது? ஓடுது." அந்த நேரம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாவது தரமாக. "குழம்பு நல்லாயிருக்கு."

"இண்டைக்குக் குழம்பு வைக்கேல்லை. சொதி."

"சொதியைத்தான் சொன்னனான்."

பராசக்தி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால் நமசிவாயத்துக்கு நிம்மதி வருவதில்லை. கை கழுவிவிட்டு இரண்டு படி இரண்டு படியாக மாடிக்கு ஓடினார். நின்றிருந்தது.

செவ்வாய் முழுக்க அந்த மனிதர் பட்ட பாடு. வேகத்தைக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. குறைத்தால் போன நேரத்தைப் பிடிக்க முடியாது, சனிக்கு முன்னம் முடியாவிட்டால் கார் இல்லை. மேசை விசிறியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே வைத்தார். பிறகு நிலத்து விசிறி. பிறகு குளிர்ப்பெட்டியில் இருந்த ஐஸ் கட்டியெல்லாம் பொலித்தீன் பையில் கட்டி றேடியேற்றரில் சாத்தினார். ஐஸ் உருகியது. சூடு இறங்கவில்லை. கடைசியில் டிப்போ முறை. சித்திரை வெயிலில் பஸ் கொதித்தால் ஈரச் சாக்குப் போடுவார்கள். கொட்டிலில் இருந்து ஒரு சாக்கை எடுத்து, நனைத்துப் பிழிந்து, பெட்டியின் தலையில் போர்த்தினார். காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரிப் பக்கத்தில் இருந்து தட்டியும் விட்டார்.

பதினாலு நிமிடம் ஓடி நின்றது. பிறகு பதினொன்று. பிறகு எட்டு. தண்ணீரோ நீலமும் இல்லை வெள்ளையும் இல்லை, பாத்திரம் கழுவிய நிறம். பின்னேரமாகிவிட்டது. சுபாஸ்கரனின் சகோதரங்கள் சனிக்கிழமை கூடி நின்று என்னத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்ற யோசனை அப்போதுதான் முதல்முதலாக வந்தது. பராசக்தியின் பெயரும் கெடப்போகிறது. சொல்லிவிடலாமோ என்று நினைத்தார். இரண்டு படி இறங்கினார். சந்தித் தேத்தண்ணிக் கடை ஞாபகம் வந்தது. இரண்டு படி ஏறினார்.

கீழே வந்தபோது பராசக்தியே கதையைத் தொடக்கினாள். நாளைக்குத் தெல்லிப்பழைக்குப் போய் நாகலிங்கண்ணையின் காரை ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

நமசிவாயம் காது கேட்காத மாதிரி நின்றார்.

"பந்தயம் இன்னும் முடியேல்லையே," என்றார்.

"நீங்கள் வெல்லுற மாதிரித்தான் கிடக்கு. நிக்கேல்லை எண்டு சொல்லுறியள். பிறகு ஓடாத காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்போறியளே? போய் எஞ்சினைப் பாத்து, ஓடப்பண்ணி வைச்சிட்டு வாங்கோ. நாளைக்கு எனக்கு ரியூசனும் இல்லை. கொம்பியூட்டரை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவருக்கு ஒரு நிமிடம் மனச்சாட்சி குத்தியது. ஒரு நிமிடம்தான். பிறகு ஸ்பனர் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். அதிலிருந்து சின்ன ஸ்பனர் இரண்டையும் ஒரு திருப்புளியையும் பராசக்தி எடுத்து வைத்துக்கொண்டாள். தையல் மெசினுக்காம். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

புதன்கிழமை விடிய முதல் மினிபஸ்ஸில் தெல்லிப்பழை. நாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பொனற்றைத் திறந்தார். உள்ளே அணில் கூடு. நமசிவாயம் உள்ளே தலையை விட்டவர், மத்தியானம் சாப்பிடத்தான் வெளியே எடுத்தார். பெற்றோல் பைப்பைக் கழற்றி ஊதினார். கபிறேற்றரைத் துடைத்தார். தீப்பொறி பறக்கிற பொயின்ற்றை அரம் போட்டார். அணிலுக்கு மாமரத்தில் மாற்று இடம் பார்த்துக் கொடுத்தார். இந்தக் காரை வேகமாக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஓடினால் காணும். அப்படி ஒரு வேலை கொடுத்தால் அந்த மனிதரை வெல்ல இந்தக் குடாநாட்டில் ஆள் இல்லை.

நாலரை மணிக்கு எஞ்சின் இருமியது. இரண்டாம் தரம் செருமியது. மூன்றாம் தரம் பாடியது. நாகலிங்கம் சால்வையால் கண்ணைத் துடைத்தார். இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிச் சந்தி மட்டும் போய்த் திரும்பினார்கள். ஓட்டியது நாகலிங்கம். இருக்கட்டும், இன்னும் இரண்டு நாள்தானே என்று நமசிவாயம் பக்கத்தில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறினால் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. சூடு ஐம்பத்துநாலு. ஈரச் சாக்கைக் காணவில்லை. மணத்தது, கொடியில் போட்டிருக்கிறேன் என்று பராசக்தி கீழேயிருந்து சொன்னாள். தண்ணீர் பளிச்சென்று நீலம்.

நமசிவாயம் கதிரையில் இருந்து யோசித்தார். நெடுநேரம் தேவைப்படவில்லை. சாக்குத்தான். ஈரச் சாக்கு உள்சூட்டை உறிஞ்சிவிட்டது. கலக்கம் அடங்கித் தண்ணீர் தெளிந்துவிட்டது, அவர் திங்களே சொன்ன மாதிரி. முடுக்குகிற இலக்கத்தைப் பார்த்தார். நூற்றைம்பதில்தான் நின்றது. நூற்றெண்பது ஆக்கினார். சூடு ஐம்பத்துநாலு. இருநூறு. ஐம்பத்துநாலு. டிப்போ முறைக்கு மேலே ஒரு முறை உலகத்தில் இல்லை.

வியாழன் காலை பல்லுத் தீட்டும் பிறஸைக் காணாமல் கொஞ்ச நேரம் சண்டை. பழசு, எறிந்துவிட்டேன் என்று புதிதொன்றைக் கொடுத்தாள். வெளுத்துப் போய் வினாகிரிப் புளிமணத்தோடு குப்பை வாளிக்குள் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் அப்போது சந்திக்குப் போக அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

சந்தியில் ஒரு மணித்தியாலம் விரிவுரை. கொம்பியூட்டரைப் பயமில்லாமல் முடுக்குவது எப்படி. தண்ணீரின் குணம். சாக்கின் மகிமை. அந்தப் பொடியன் ஜெரிசன் புத்தகம் படித்தவன்தான், ஆனால் அனுபவம் காணாது. டிப்போக்காரர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டார்கள். வெள்ளி பின்னேரம் இந்த வழியால் ஒரு பச்சைக் கார் வரும், ஆர் ஓட்டுகிறது என்று பாருங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

வெள்ளி மூன்று மணிக்குப் படம் முடிந்தது. பராசக்தி ஒருதரம் ஓட்டிப் பார்த்து, சுவிசுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் சுபாஸ்கரனே போன் எடுத்துவிட்டான். நாளை வரைக்கும் பொறுக்க முடியாமல் இப்போதே இரண்டு தரம் வீட்டுக்குள்ளே போய் வந்தானாம். குசினி யன்னலைக் கொஞ்சம் பெருப்பித்தால் நல்லதாம். பராசக்தி சிரித்துக்கொண்டு போனை வைத்தாள். நமசிவாயம் முன்னால் போய் நின்றார். வெள்ளை வேட்டி, புதுச் சேட்.

"சனிக்கு முன்னம் முடிஞ்சுது. என்ன சொல்லுறாய்?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். போய்க் காரைக் கேளுங்கோ."

கேளுங்கோ என்றாள். கொண்டு வாங்கோ என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன வித்தியாசம் அவருக்கு மினிபஸ்ஸில் மல்லாகம் தாண்டும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் சீற்றில் நேரே இருக்கவில்லை.

நாகலிங்கத்தின் கேற் திறந்திருந்தது. கார் மாமரத்துக்குக் கீழே இல்லை, முற்றத்தில் நின்றது. கழுவித் துடைத்து, முன்னுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கண்ணாடியில் பூமாலை. உள்ளே நாகலிங்கத்தின் குடும்பம் முழுக்க ஏறியிருந்தது. நல்லூருக்குப் போகிறார்களாம்.

நமசிவாயம் விசயத்தைச் சொன்னார். நாகலிங்கம் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது.

"நமசு, ஓடாதபடியால் எல்லோ விக்க நினைச்சனான். இப்ப இது குதிரை மாதிரி ஓடுது. ஓடுற காரை ஆர் விக்கிறது?"

"நான்தானே அண்ணை ஓடப்பண்ணினது."

"அதுக்குத்தானே உன்னைக் கடவுளெண்டு எங்கடை வீட்டிலை சொல்லுகினம். ஏன், உனக்கு உது தெரியாதே? போன சனி உன்ரை மனிசி போன் எடுத்துக் கேட்டவ. கார் ஓடினால் விப்பியளோ எண்டு. விக்கமாட்டன் எண்டனான். அப்ப, ஒராளை அனுப்பிறன் எண்டவ."

நமசிவாயம் மாமரத்தைப் பார்த்தார். அணில் அவரைப் பார்த்தது.

போகிற வழிதானே, ஏறு என்று நாகலிங்கம் வற்புறுத்தினார். இடம் பின்னுக்குத்தான் இருந்தது. மருதனார்மடச் சந்தியில் கார் மெதுவாகப் போனது. தேத்தண்ணிக் கடை முழுக்க எழும்பி நின்று பார்த்தது. பின்சீற்றில், நாகலிங்கத்தின் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு நடுவில், அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஃபோமன் போனார்.

வீட்டுக்குள்ளே வந்தபோது முகம் சிவந்திருந்தது. நேரே மாடிக்கு ஏறினார்.

"ஓடினால் அவர் விக்கமாட்டார் எண்டு உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு என்னை அனுப்பினனி."

"ஓம்."

"அப்ப பந்தயம் என்ன பந்தயம்? நான் வெண்டனான். இந்தக் கார் இல்லாட்டில் வேறை கார்."

பராசக்தி திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். ஆறு நிமிடப் படம் என்றால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குச் செய்து முடித்தேன் என்று கொம்பியூட்டர் தானே எழுதி வைக்கும். அது நமசிவாயத்துக்குத் தெரியாது. திங்கள் காலைக்கு நேரே விரலை வைத்தாள். ஒரு இடைவெளி. கீழே இறக்கினாள். இன்னொன்று. செவ்வாய்க்கிழமை பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது.

"பதினாறு தரம் நிண்டிருக்கு," என்றாள்.

நமசிவாயம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"திங்கள் மத்தியானம் சோத்துக்கு முன்னாலை வைச்சுக் கேட்டனான். நிண்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே வேறை கார் பாத்துத் தந்திருப்பன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். ஆனால் மனிதர் சுலபத்தில் விழுகிற ஆளில்லை. ஒரு கொப்பு மிச்சம் இருந்தது. அதைப் பிடித்தார்.

"புதனுக்குப் பிறகு நிக்கேல்லையே. இருநூறிலை ஓடினது. ஐம்பத்துநாலு பாகைக்கு மேலை ஏறேல்லை. அது என்ரை முடுக்குத்தானே?"

பராசக்தி பெருமூச்சு விட்டாள். பிறகு அவருக்கு விளங்குகிற பாசையில் சொன்னாள். எங்கடை கிணற்றுத் தண்ணீர் குடிக்கத்தான் அமிர்தம், கொதித்தால் சுண்ணாம்பு. குசினிக் கேத்திலின் அடியில் இருக்கிற வெள்ளைத் தட்டு எங்கேயிருந்து வந்ததென்று நினைத்தாராம்? அது நீலத் தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகி, மயிர் மாதிரி மெல்லிய வழிகளையெல்லாம் அடைத்துவிட்டது. கழற்றி, வினாகிரியில் ஊறவைத்து, உரஞ்சி, பற்றறிக்கு விடுகிற வடிதண்ணீரால் அலசி, வளையம் மாற்றி, போத்தல் தண்ணீர் விட்ட பிறகுதான் அது மூச்சு விட்டது.

"இருநூறு?" என்றார் நமசிவாயம். குரல் இறங்கியிருந்தது.

"கீழை இன்னொரு இலக்கம் கிடக்கு. எவ்வளவு கரண்ட் குடிக்கலாம் எண்டு. அதை இறக்கிவிட்டனான். நீங்கள் அக்சிலேற்றரை மிதிச்சுக்கொண்டுதான் இருந்தனீங்கள். பெற்றோல் பைப்பு பாதி பூட்டு."

"அப்ப மெதுவா எல்லோ ஓடியிருக்கும்?"

"மெதுவாத்தான் ஓடினது. நிக்காமல் ஓடினது. அதாலை வெள்ளி முடிஞ்சுது."

முப்பத்துநாலு வருசம் டிப்போவில் பஸ்காரருக்கு அவர் சொன்னதும் அதுதான். மெதுவாகப் போ, நில்லாமல் போ. ஆனால் அதை இப்போது நினைவுபடுத்த அவருக்கு விருப்பமில்லை. அவருக்கு வேறொன்று சுட்டது. தான் தெல்லிப்பழையில் அணிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நல்லூரிலிருந்து ஒரு பொடியன் வந்து தன்னுடைய வீட்டில், தான் பூட்டிய பூட்டைக் கழற்றியிருக்கிறான். எத்தனை பேருக்குச் சொன்னானோ. சந்தியில் அவனை அனுபவம் காணாது என்று வேறு சொல்லியாகிவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

"ஜெரிசன், நமசிவாயம் கதைக்கிறன். நீ புதன்கிழமை எங்கடை வீட்டை வந்தனியோ?"

"நானோ? இல்லை அண்ணை. உடுவில் பக்கம் வந்து ரெண்டு கிழமையாச்சு."

"பொய் சொல்லாதை தம்பி. கொம்பியூட்டர் கழற்றிப் பூட்டியிருக்கு."

"ஓம். ரீச்சர் போன் எடுத்தவ. தண்ணியை எந்தப் பக்கத்தாலை இறக்கிறது எண்டு கேட்டவ. சொன்னனான். அரை மணித்தியாலத்திலை திரும்பி எடுத்து, முடிஞ்சுது எண்டவ."

நமசிவாயம் விறாந்தைத் தூணைப் பிடித்தார். அரை மணித்தியாலம் என்ற சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மாடியில் பராசக்தி சுபாஸ்கரனின் குசினி யன்னலைப் பெருப்பித்துக்கொண்டிருந்தாள். கொம்பியூட்டர் ஓடுகிற சத்தம் கேட்கவேயில்லை.

"பின்னை ஆர் தம்பி அதைத் திருத்தினது?"

மறுபக்கத்தில் ஜெரிசன் கொஞ்சம் யோசித்தான். கேள்விக்குள் ஏதாவது பொறி இருக்குமோ என்று யோசித்திருப்பான். பிறகு, பில்லில் எழுதுகிற மாதிரி முழுப்பெயரையும் சொன்னான்.

"திருமதி பராசக்தி நமசிவாயம்."